கூற்றில் புரியாத தொகையா? கடன் அட்டைக் கட்டணங்களை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கிளிநொச்சியில் நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கடன் அட்டைக் கூற்று, அதாவது வங்கி மாதாமாதம் அனுப்பும் கணக்குத் தாள், பார்ப்பது தொழில் அல்ல; அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மாதம் 22, 23ஆம் திகதி ஆனால் யாராவது ஒருவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, பொலித்தீன் பைக்குள் இருந்து நான்காக மடித்த தாளை எடுப்பார். அந்தப் பைக்குள்தான் சாரதி அனுமதிப்பத்திரம், உரத்துக்கான துண்டு, ஆஸ்பத்திரிக் கொப்பி எல்லாம் இருக்கும். "தம்பி, இந்த ஒரு வரி மட்டும் என்னவென்று பார்த்துச் சொல்லும்."

அந்த ஒரு வரி எது என்பதைப் பொறுத்து நோய் வேறு. அதனால் அவர்கள் சொல்லும் முறைப்பாட்டையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்கள் கூற்றில் எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

போகுமுன் ஒரு பென்சிலை எடுத்துக் கூற்றில் ஐந்து இடங்களை வட்டமிடுங்கள்: கூற்றுத் திகதி, கொடுப்பனவுக்கான இறுதித் திகதி, முழு நிலுவை, குறைந்தபட்சக் கொடுப்பனவு, வருடாந்த வட்டி வீதம். வங்கியின் கட்டணப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் கேட்டால் தருவார்கள், இணையத்தளத்திலும் இருக்கும். 'மறைவான கட்டணம்' என்று நாங்கள் திட்டுபவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் அச்சாகியே இருக்கின்றன. எந்த நாளில் இருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதுதான் கண்ணில் படுவதில்லை.

கீழே வரும் கணக்குகளுக்கு வருடம் 26 சதவீத வட்டி, 20ஆம் திகதி கூற்று, அடுத்த மாதம் 10ஆம் திகதி இறுதி நாள் என்று வைத்திருக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"கட்டாமல் விட்டது 5,000 ரூபா. வட்டியோ 3,312 ரூபா!"

அதிகம் பேரை அதிர வைப்பது இதுதான். முரசுமோட்டையில் வயலும் சிறு கடையும் வைத்திருக்கும் ஒருவர் கொண்டுவந்த கூற்றை மாதிரியாக வைத்து, எண்களை மட்டும் உருட்டிச் சொல்கிறேன்.

செப்டெம்பர் 25. கால போகத்துக்கு விதைநெல், உரம், களைநாசினி எல்லாமாக 1,00,000 ரூபாவை அட்டையில் தேய்த்தார். ஒக்டோபர் 20இல் கூற்று வந்தது. நவம்பர் 10இல், கடைசி நாளில்தான் என்றாலும் நேரத்துக்கு, 95,000 ரூபா கட்டினார். மிச்சம் 5,000. "மிச்சத்துக்குத்தானே வட்டி வரும், அது கிடக்கட்டும்" என்று நினைத்தார். அடுத்த கூற்று வரும்வரை பத்து நாள். 5,000 ரூபாவுக்குப் பத்து நாள் வட்டி 36 ரூபாவைத் தாண்டாது. நியாயமான கணக்கு.

வங்கியின் கணக்கு வேறு. வட்டியில்லாக் காலம் என்பது முழு நிலுவையையும் கட்டுபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு ரூபா குறைத்துக் கட்டினாலும் சலுகை முழுவதும் போய்விடும். அட்டையைத் தேய்த்த நாளுக்கே திரும்பிப் போய் எண்ணத் தொடங்குவார்கள். செப்டெம்பர் 25 முதல் நவம்பர் 10 வரை 46 நாள். 1,00,000 ரூபாவுக்கு 46 நாள் வட்டி 3,277 ரூபா. அதோடு மிச்சம் 5,000க்குப் பத்து நாள் வட்டி 35 ரூபா சொச்சம். கூட்டினால் 3,312.

தாளின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதிக் காட்டியபோது அவர் எண்களைப் பார்க்கவில்லை, திகதிகளைத்தான் பார்த்தார். "நவம்பர் 10இல் என் வயலில் நெல் முழங்கால் உயரம்கூட இல்லை, தம்பி" என்றார். எனக்கு அதன்பின் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மூன்றரை மாத நெல் என்றால் 105 நாள். அதற்கு முன் உழவு, அதற்குப் பின் வெட்டு, காயப்போடுதல், விலை படியும்வரை காத்திருத்தல். விளம்பரத்தில் வரும் வட்டியில்லாக் காலம் '55 நாள் வரை'. அந்த 'வரை' என்ற சொல்லையும் கவனியுங்கள்: நான் வைத்திருக்கும் திகதிகளின்படி 21ஆம் திகதி வாங்கியவருக்கு 50 நாள் கிடைக்கும், 20ஆம் திகதி, அதாவது ஒரே ஒரு நாள் முன்னால் வாங்கியவருக்கு 21 நாள்தான்.

சரிசெய்வது: இறுதித் திகதிக்கு முன் முழு நிலுவையையும், சதம் உட்பட, கட்டுங்கள். முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் 10ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டாம். சலுகை எப்படியும் போகப்போகிறது; கையில் உள்ளதை இன்றைக்கே கட்டினால் வட்டி எண்ணும் நாட்களாவது குறையும். பயிர்ச்செலவை அட்டையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. போகத்தில் திரும்பும் காசுக்குப் போகத்தில் கட்டும் கடன்தான் பொருந்தும். வங்கிகளில் பயிர்ச்செய்கைக் கடன் என்று தனியாகவே இருக்கிறது.

"பிறகு முழுவதையும் கட்டினேன், அட்டையைத் தொடவே இல்லை. 118 ரூபா எங்கிருந்து முளைத்தது?"

மேலே உள்ளதன் வால். நவம்பர் 20 கூற்றில் 5,000மும் 3,312மும் சேர்ந்து 8,312 ரூபா. அதை டிசம்பர் 10இல் முழுதாகக் கட்டுகிறீர்கள். ஆனால் கூற்று அச்சான நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் இருபது நாள் அந்தக் கடன் உயிரோடு இருந்தது. அந்த இருபது நாளின் வட்டிதான் டிசம்பர் கூற்றில் 118 ரூபாவாக வருகிறது.

பிழை ஒன்றும் இல்லை. ஆபத்து எங்கே என்றால், "நூறு ரூபாவுக்கு யார் வங்கிக்குப் போவது" என்று விடுவதில். விட்டால் அதன் மேல் தாமதக் கட்டணம் விழும், அது 118 ரூபாவைப் போல் பல மடங்கு. கடனை அடியோடு தீர்க்க நினைப்பவர் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, "இன்றைக்கு முடித்துவிட எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையைக் கட்டி, அதற்குப் பிறகும் ஒரு கூற்றுப் பூச்சியத்தில் வரும்வரை பார்த்திருக்க வேண்டும்.

"மாதம் தவறாமல் கட்டுகிறேன். கடன் நின்ற இடத்திலேயே நிற்கிறது."

கட்டுவது குறைந்தபட்சக் கொடுப்பனவா என்று பாருங்கள். ஆசிரியை ஒருவருக்கு இது தெரியாமலே நடந்திருந்தது: சம்பளக் கணக்கில் இருந்து அட்டைக்குத் தானாகக் கழியும்படி ஒப்பமிட்டிருந்தார், படிவத்தில் 'முழு நிலுவை', '5 சதவீதம்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன, புள்ளடி இரண்டாவதில் விழுந்திருந்தது. யார் போட்ட புள்ளடி என்பது இன்றைக்கும் தெரியாது. அவரும் கழிகிறதே என்ற நிம்மதியில் இருந்துவிட்டார்.

2,00,000 ரூபா நிலுவை என்று வையுங்கள். 5 சதவீதம் என்றால் 10,000 கட்டுகிறீர்கள். அதில் 4,300 ரூபா அளவில் வட்டிக்கே போய்விடுகிறது. முதல் குறைவது 5,700 அளவில்தான். அடுத்த மாதம் நிலுவை குறைவு, அதனால் 5 சதவீதமும் குறைவு, கடன் கரைவதும் மெதுவாகிறது. புதிதாக ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் இப்படியே கட்டினால் கடன் பாதியாக ஏறத்தாழ இரண்டு வருடம், நான்கு போகம் செல்லும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது 1,75,000 ரூபா அளவில், குறைந்திருப்பது 1,00,000. குறைந்தபட்சம் 3 சதவீதம் என்று இரக்கம் காட்டும் அட்டையானால் பாதியாகவே ஆறு வருடத்துக்கு மேல்.

சரிசெய்வது: தானியங்கிக் கழிவை முழு நிலுவைக்கு மாற்றுங்கள். அது முடியாத கட்டத்தில் இருந்தால், முதல் மாதத்தின் 10,000ஐப் பிடித்துக்கொண்டு, கூற்று எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அதே 10,000ஐக் கட்டிவாருங்கள். அதே கடன் முழுவதும் 27 மாதத்தில் தீரும். நிலுவையைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். தீரும்வரை அந்த அட்டையில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், ஏனென்றால் பழைய நிலுவை இருக்கும்போது புதிய செலவுக்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது.

"ஏ.டி.எம்மில் காசு எடுத்தேன். அன்றைக்கே ஏதோ கழித்திருக்கிறார்கள்."

அட்டையால் காசு எடுப்பது கொள்வனவு அல்ல. முதலில் ஒரு கட்டணம்: எடுத்த தொகையில் இத்தனை சதவீதம் என்று வங்கி குறித்தது, அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது கூடவோ அது. உதாரணமாக அந்தக் குறைந்தபட்சம் 1,000 ரூபா என்றால், வெட்டு இயந்திரத்துக்கு டீசல் அடிக்க 5,000 ரூபா எடுத்தவர் அந்த நிமிடத்திலேயே ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டார். பிறகு, காசு கைக்கு வந்த நாளில் இருந்தே வட்டி. முழுதாகக் கட்டினாலும் இதற்குச் சலுகைக் காலம் கிடையாது.

சேதத்தைக் குறைக்க ஒரே வழி, கூற்றுக்காகக் காத்திராமல் முடிந்த முதல் நாளிலேயே திருப்பிக் கட்டுவது. அவசரக் காசுக்கு எங்கள் வீடுகளில் ஏற்கனவே வழி இருக்கிறது: காப்பு வங்கிக்குப் போகும், அறுவடையோடு திரும்பி வரும். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி உச்ச வட்டி நிர்ணயித்தபோது அடகுக்கு 18 சதவீதம், கடன் அட்டைக்கு 28 என்றுதான் வைத்தது. அடகை ஏளனமாகப் பார்த்து அட்டையை நாகரிகமாகப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுவேன்.

"இறுதி நாளிலேயே கட்டினேன். தாமதக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்."

பற்றுச்சீட்டை எடுங்கள். எந்த நாளில் கட்டினீர்கள் என்பதைவிட எந்த நாளில் அட்டைக் கணக்கில் பதிவானது என்பதே எண்ணப்படும். வேறு வங்கியில் இருந்து செஃப்ட்ஸ் (CEFTS) என்ற உடனடிப் பரிமாற்றம் வழியாக அனுப்பினால் உடனே போய்ச் சேரும். ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற மற்ற முறை வழியாக அனுப்பினால் அடுத்த வேலைநாள் ஆகலாம். காசோலை இன்னும் தாமதம். இடையில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை), அதை ஒட்டிச் சனி, ஞாயிறு வந்தால் கதை முடிந்தது. மாங்குளத்துக்கு உள்ளே, மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து கிளைக்கு வருபவர்கள் பஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு நாள் முந்திக் கட்டுங்கள்.

முதல் தடவைதான் என்றால், தயங்காமல் வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கட்டணத்தை நீக்கித் தரும்படி கேளுங்கள். பல வேளை நீக்கிவிடுவார்கள். கேட்காதவருக்கு நீக்குவதில்லை.

இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும்: வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், கடைக்காரர் காசை அட்டைக்கே திருப்பியிருப்பார், 'அதுவே போதும்' என்று அந்த மாதம் கட்டாமல் இருந்திருப்பீர்கள். திரும்பி வந்த காசு பொதுவாகக் கொடுப்பனவாகக் கொள்ளப்படுவதில்லை. குறைந்தபட்சக் கொடுப்பனவையாவது தனியே கட்டியிருக்க வேண்டும்.

அட்டையின் கடன் எல்லையை மீறியதற்கான கட்டணமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எல்லையின் விளிம்பில் நிற்கும் அட்டையில் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும்போது அவையே உங்களை எல்லைக்கு வெளியே தள்ளிவிடும்.

"பூச்சிய வட்டித் தவணை என்றார்களே?"

வட்டி பூச்சியம்தான். ஆனால் தொடக்கத்தில் ஒரு கையாளுகைக் கட்டணம் இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்குக் கைக்காசு விலை ஒன்று, தவணை விலை ஒன்று இருக்கலாம். அந்த வித்தியாசம் பெயர் மாற்றிய வட்டி. கடையில் "கைக்காசு என்றால் என்ன விலை?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு அட்டையை வெளியே எடுங்கள். மாதத் தவணையும் கூற்றின் முழு நிலுவைக்குள் அடங்கும். ஒரு மாதம் தவறினால் சாதாரண அட்டை வட்டி தொடங்கும், சில வங்கிகள் திட்டத்தையே இரத்துச் செய்துவிடும். முந்தி முடித்தாலும் கட்டணம் கேட்பவர்கள் உண்டு.

"திருச்சியில் ஆஸ்பத்திரிக்குக் கட்டினேன். கணக்கிட்டதைவிடக் கூட வந்திருக்கிறது."

எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கலியாணப் புடைவைக்கும் தமிழ்நாட்டுக்குப் போகாத குடும்பம் குறைவு. இந்திய ரூபாவை நீங்கள் செய்தியில் பார்த்த நாணய மாற்று விகிதத்தால் பெருக்கியிருப்பீர்கள். அட்டை அப்படிப் பெருக்குவதில்லை. அட்டை வலையமைப்பின் விகிதம், அதன் மேல் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம், அதன் மேல் அரசுக்குப் போகும் முத்திரைத் தீர்வை என்று அடுக்கடுக்காக ஏறும். விகிதமும் நீங்கள் தேய்த்த நாளினது அல்ல, பதிவான நாளினதாக இருக்கலாம்.

அங்கே இயந்திரம் சில இடங்களில் "இலங்கை ரூபாவில் கட்டுகிறீர்களா?" என்று கேட்கும். நம் காசின் பெயரைக் கண்டதும் விரல் ஆம் என்பதில் போகும். வேண்டாம். அப்போது விகிதத்தை நிர்ணயிப்பது அந்தப் பக்கத்து நிறுவனம். அதன் இலாபமும் அதற்குள் இருக்கும். அந்த நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். வீட்டில் இருந்தபடி இணையத்தில் வாங்கும்போதும் இதே கதைதான்: விலை இலங்கை ரூபாவில் தெரிந்தாலும் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் வெளிநாட்டுக் கட்டணம் வரலாம்.

"கடையில் 3 சதவீதம் சேர்த்து அடித்தார்கள்."

இது வங்கி போட்டதல்ல, கடைக்காரர் போட்டது. அட்டை இயந்திரம் வைத்திருப்பதற்கு வங்கிக்குத் தான் கொடுக்க வேண்டிய கழிவை உங்கள் தலையில் கட்டுகிறார். இதற்கு அனுமதி கிடையாது. இயந்திரம் தந்த வங்கியோடு அவர் செய்த ஒப்பந்தத்துக்கே மாறானது என்பதை மத்திய வங்கியும் சொல்லியிருக்கிறது. பொருளின் விலையும் மேலதிகத் தொகையும் தெரியும் பற்றுச்சீட்டோடு உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்கு முறையிடலாம். தெரிந்த கடை, அறிந்த முகம் என்பதால் எங்கள் ஊரில் யாரும் முறையிடுவதில்லை. நானும் முறையிட்டதில்லை, காசாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"மாதாமாதம் சின்னச் சின்னத் தொகை கழிகிறது."

குறுஞ்செய்திக் கட்டணம், தாள் கூற்றுக் கட்டணம், முதல் வருடம் இலவசமாக இருந்து இரண்டாம் வருடம் விழித்துக்கொள்ளும் வருடாந்தக் கட்டணம், இலவசப் பரீட்சார்த்தம் என்று பிள்ளைகள் கைபேசியில் தொடங்கி மறந்த செயலிச் சந்தா. இவற்றில் அட்டைக் காப்புறுதியை மட்டும் தனியாகத் தேடுங்கள். தொலைபேசியில் ஒரு குரல் "சரிதானே ஐயா?" என்று கேட்டதும் நீங்கள் "ஓம்" என்றதும் அதற்குச் சம்மதமாகப் பதிவாகியிருக்கலாம். வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் நிறுத்துவார்கள்.

"நான் ஒன்றும் மாற்றவில்லை. வட்டி வீதம் மாறியிருக்கிறது."

அட்டையின் வீதம் நிலையானது அல்ல. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி உச்சத்தை 18 சதவீதமாக இறக்கியது. 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடியின் நடுவில், உச்ச எல்லையே எடுக்கப்பட்டது. அதன்பின் வீதங்கள் எகிறின. 2023 ஓகஸ்டில் 28 என்ற உச்சம் வந்தது. நிலுவையைச் சுமந்து திரிபவருக்குத்தான் இந்த ஏற்ற இறக்கம் சுடும்.

"எல்லாம் பார்த்துவிட்டேன். இந்தத் தொகை பிழைதான்."

அப்படியானால் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கூற்றின் பின்புறத்தில் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருக்கும். அது கடக்க விடாதீர்கள். வரியைச் சுட்டி, திகதியைச் சுட்டி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். விசாரணை நடக்கும்போது தகராறில் இல்லாத மீதித் தொகையைக் கட்டாமல் விடக் கூடாது, ஏனென்றால் கட்டாத அட்டை கடன் தகவல் பணியகத்தில், எங்கள் வாயில் 'கிரிப்', பதிவாகும். உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுக்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் ஓம்புட்ஸ்மனிடமும் போகலாம். கட்டணங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமையை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகள் மேல் வைத்திருக்கின்றன. கடிதத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

"கோபத்தில் அட்டையை வெட்டி எறிந்தேன். ஆனாலும் கூற்று வருகிறது."

வெட்டியது பிளாஸ்டிக்கை. கணக்கு உயிரோடு இருக்கிறது, வருடாந்தக் கட்டணமும் அதோடு இருக்கிறது. கணக்கை மூடும்படி எழுதிக் கொடுத்து, கடைசி நிலுவையைக் கேட்டுக் கட்டி, மூடியதற்கான கடிதத்தை வாங்கி, அந்தப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள்.